டாசன் சிட்டி: உறைநிலம் காத்த தங்க நகரம்

கனடாவின் வடமேற்குக் கோடியில், யூக்கான் ஆட்சிப்பகுதியில், க்ளோண்டைக் ஆறு யூக்கான் பேராற்றில் வந்து சேரும் சமவெளியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 275 கிலோமீட்டர் தெற்கே அமைந்திருக்கிறது டாசன் சிட்டி. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,577 பேர் வாழும் இந்தச் சிற்றூரிலும் இதைச் சுற்றியுள்ள ஓடைகளிலுமாக 1898ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 30,000 பேர் திரண்டிருந்தனர். அந்த ஒரு கோடையின் சுவடுகளைத் தேடித்தான் இன்றும் பயணிகள் வருகின்றனர். தார் காணாத மண் தெருக்களும், பலகை பாவிய நடைபாதைகளும், சிறிய மரக் கட்டடத்தின் முன்புறத்தில் மட்டும் உயரமான சதுர முகப்பை நிறுத்தி அதை மாடிக் கட்டடம்போலத் தோன்றச் செய்யும் கடைவரிசையும் அவர்களை ஏமாற்றுவதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் இந்த நகரத்தில் 1898க்கு உரியவை மிகச் சிலவே. பெரும்பாலானவை தங்க வேட்டை அடங்கத் தொடங்கிய பிறகு கட்டப்பட்டவை, அல்லது 1960களுக்குப் பின் பழைய சாயலில் புதிதாக எழுப்பப்பட்டவை. டாசனின் உண்மையான ஆவணம் அதன் கட்டடங்களுக்கு அடியில் உறைந்து கிடக்கும் நிலமும், அதற்கு முன்னே ஓடும் இரண்டு ஆறுகளுமே என்பதும், அவற்றை முதலில் பார்த்துவிட்டு நகரத்துக்குள் நுழைபவருக்கே அந்த நகரம் விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆட்சிப்பகுதியின் இன்றைய தலைநகரான ஒயிட்ஹார்ஸிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான நெடுஞ்சாலை வழியே வருபவரை நகரம் முதலில் எதிர்கொள்வதில்லை. கடைசிச் சில கிலோமீட்டர்களில் சாலையின் இருபுறமும் கூழாங்கற்களாலான நீண்ட மேடுகள், ஒன்றையொன்று ஒட்டி, வளைந்து வளைந்து, பள்ளத்தாக்கின் அகலம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இவை இயற்கையாக அமைந்தவை அல்ல. தங்கம் அரிக்கும் பெரும் எந்திரங்கள் பள்ளத்தாக்கின் அடிவரை தோண்டி, பொன்னை எடுத்துக்கொண்டு, கல்லைப் பின்னால் கொட்டிச் சென்றதன் தடங்கள் அவை. மண் முழுவதும் கழுவப்பட்டுவிட்டதால், பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் பல மேடுகளில் அங்குமிங்கும் சிறு மரங்களே முளைத்திருக்கின்றன. க்ளோண்டைக் வரலாற்றில் தனி மனிதனின் மண்வெட்டிக் காலம் மிகக் குறுகியது, எந்திரங்களின் காலமே நீண்டது என்ற செய்தியைப் பயணி நகரத்தை எட்டுவதற்கு முன்பே இந்தக் கல்மேடுகள் சொல்லிவிடுகின்றன.

இவ்வளவு தங்கம் இங்கே ஏன் சேர்ந்தது என்ற கேள்விக்கான விடை பனியூழிக் காலத்தில் இருக்கிறது. கனடாவின் பெரும்பகுதியைப் பனிவிரிப்புகள், அதாவது கண்டத்தையே மூடும் அளவுக்குப் பரந்த பனிப்பாறைப் படலங்கள், திரும்பத் திரும்ப மூடிச் சுரண்டியபோது, நடு யூக்கானின் இந்தப் பகுதி மட்டும் பனிக்கு அடியில் போகவில்லை. பசிபிக் கடலிலிருந்து வந்த ஈரக்காற்றை இடையிலிருந்த உயர்ந்த மலைகள் தடுத்துவிட்டதால், இங்கே குளிர் இருந்தது, பனிவிரிப்பு உருவாகப் போதுமான பனிப்பொழிவு இல்லை. பழைய பாறைகளில் ஓடிய வெண்படிக நரம்புகளில் சிதறியிருந்த தங்கம், அந்தப் பாறைகள் பல இலட்சம் ஆண்டுகளாகத் தேய்ந்து உதிர்ந்தபோது விடுபட்டு ஓடைகளை அடைந்தது. நீரைவிடப் பத்தொன்பது மடங்கு எடையுள்ள பொருளாகையால் அது மணலோடும் சரளையோடும் அடித்துச் செல்லப்படாமல், படிப்படியாகக் கீழிறங்கி, ஓடையின் அடிப்பாறையின் வெடிப்புகளில் தங்கியது. பனியாறுகள் இவ்வழியே வந்திருந்தால் இந்தச் சேமிப்பு முழுவதையும் வாரிச் சிதறடித்திருக்கும். பாறையை உடைத்து எடுக்கத் தேவையில்லாமல், ஆற்றுச் சரளையை அலசியே பிரித்தெடுக்கக்கூடிய இத்தகைய தங்கத்தைப் படிவுத் தங்கம் என்பர். பெரும் முதலீடு இல்லாத ஏழையும் மண்வெட்டியோடும் அரிப்புத் தட்டோடும் தேடிச் செல்லக்கூடிய தங்கம் என்பதே உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்களை இழுத்த அதன் கவர்ச்சி.

ஆனால் க்ளோண்டைக்கில் அந்த ஏழைக்கும் பொன்னுக்கும் இடையே உறைநிலம் இருந்தது. ஆண்டு முழுவதும் உருகாமல், கோடையிலும் மேற்புறத்தில் ஓரிரண்டு அடி மட்டுமே இளகி, கீழே கல்லைப்போல இறுகிக் கிடக்கும் நிலத்தையே உறைநிலம் என்கிறோம். மேலே பாசி, அதன்கீழ் பனிக்கட்டி கலந்த கருஞ்சேறு, அதற்கும் கீழே சரளை, அடியில் பாறை என்ற அடுக்கில், தங்கம் இருந்ததோ கடைசி இரண்டும் சந்திக்கும் இடத்தில். கடப்பாரை இந்த நிலத்தில் ஏறாது. ஆகவே சுரங்கத் தொழிலாளி மாலையில் குழியின் அடியில் விறகை அடுக்கித் தீ மூட்டி, இரவு முழுவதும் எரியவிட்டு, காலையில் இளகியிருந்த ஓரடி மண்ணை வெட்டி, கையால் சுழற்றும் மர உருளையில் கட்டிய வாளியின் மூலம் மேலே ஏற்றினான். மாலையில் மீண்டும் தீ மூட்டினான். அடிப்பாறையைத் தொட்டபின், சரளைப் படிவு போன திசையில் பக்கவாட்டாகக் குடைந்து சென்றான். சூரியன் சில மணி நேரமே தலைகாட்டும் குளிர்காலம்தான் இந்த வேலைக்கு உகந்த காலம். ஏனெனில் கோடையில் குழிக்குள் நீர் ஊறிச் சுவர் சரியும், காற்றோட்டமின்றிப் புகையும் நச்சுவாயுவும் தேங்கும்.

இப்படி ஏழெட்டு மாதங்கள் வெளியே குவித்த சரளையில் எவ்வளவு பொன் இருக்கிறது என்பது அவ்வப்போது ஒரு தட்டு மண்ணை அலசிப் பார்த்த அளவுக்கே தெரியும். வசந்தத்தில் ஓடைகள் உருகி ஓடத் தொடங்கிய பிறகு, அடியில் குறுக்குச் சட்டங்கள் பதித்த நீண்ட மரக் கால்வாய்களில் அந்தச் சரளையைக் கொட்டி நீர் பாய்ச்சுவார்கள். இலேசான மண்ணும் கல்லும் அடித்துச் செல்லப்பட, தங்கம் சட்டங்களுக்கு இடையே படிந்து நிற்கும். ஒரு குளிர்கால உழைப்பு முழுவதும் அந்தச் சில வாரங்களில்தான் கூலியாகவோ வெறுங்கையாகவோ முடிந்தது. தீ மூட்டவும், குழிக்கு முட்டுக் கொடுக்கவும், கால்வாய் செய்யவும், வீடு கட்டவும் மரம் தேவைப்பட்டதால் டாசனைச் சுற்றிய மலைச்சரிவுகள் சில ஆண்டுகளில் மொட்டையாயின. அக்காலப் புகைப்படங்களில் காணும் குன்றுகளுக்கும் இன்று காடு மூடிய குன்றுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயணி ஒரே பார்வையில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தங்கம் முதலில் கண்டெடுக்கப்பட்ட நாளாக வரலாறு குறித்துக்கொண்டது 1896 ஆகஸ்ட் 16. அன்று முயல் ஓடை என்று அழைக்கப்பட்ட, பின்னர் பொனான்சா என்று பெயர் மாற்றப்பட்ட ஓடைக்கரையில் இருந்தவர்கள், தாகிஷ் மக்களைச் சேர்ந்தவர்களும் ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி என்ற ஆங்கிலப் பெயர்களால் அறியப்பட்டவர்களுமான கேய்ஷ், கா கூஹ் ஆகிய இருவரும், கேய்ஷின் சகோதரி ஷா டிலாவும், அவருடைய கணவரான ஜார்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கரும் ஆவர். முதலில் கண்டவர் யார் என்பதில் அவர்கள் சொன்ன கதைகளே ஒத்துப்போவதில்லை. கேய்ஷே கண்டார் என்பது தாகிஷ் மக்களின் வாய்மொழி மரபு. எனினும் ஓடையின் நீளவாக்கில் 500 அடி கொண்ட உரிமைத் துண்டுகளைப் பதிவு செய்தபோது, முதலில் கண்டவருக்கு உரிய கூடுதல் துண்டைப் பெற்றவர் கார்மாக். பழங்குடியினர் ஒருவர் பெயரில் கண்டுபிடிப்பு உரிமையை அதிகாரிகள் ஏற்கமாட்டார்கள் என்று அவர் வாதிட்டதாகச் சொல்லப்படுகிறது. கேய்ஷுக்கும் கா கூஹுக்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது; ஷா டிலாவின் பெயரில் எதுவும் பதிவாகவில்லை. சில ஆண்டுகளில் கார்மாக் அவரைக் கைவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். ஆண்கள் மூவரும் கனடியச் சுரங்கத் துறைப் புகழ்மன்றத்தில் 1999இல் சேர்க்கப்பட, ஷா டிலா அங்கே இடம்பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இருபது ஆண்டு இடைவெளியில் எந்த நியாயமும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டதால் செய்தி வெளியே போகவில்லை. ஏற்கெனவே யூக்கான் பகுதியில் திரிந்துகொண்டிருந்த சில நூறு பேர் விரைந்து வந்து பொனான்சாவையும் அதன் கிளையான எல்டொராடோவையும் முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஜோசப் லாட்யூ என்ற வணிகர், தங்கத்தைத் தேடுவதைவிடத் தேடுபவர்களுக்கு நிலமும் மரமும் விற்பது நிச்சயமான தொழில் என்று கணித்து, இரு ஆறுகளும் கூடும் சதுப்பு நிலத்தில் மனைகள் பிரித்து, கனடிய நிலவியலாளர் ஜார்ஜ் மெர்சர் டாசனின் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டு, 1897 ஜூலை நடுவில், எக்செல்சியர் என்ற கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலும் போர்ட்லண்ட் என்ற கப்பல் சியாட்டிலிலும் பொன்மூட்டைகளோடு வந்தவர்களை இறக்கிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 1893இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் வேலையும் சேமிப்பும் இழந்திருந்த அமெரிக்காவில் அந்தச் செய்தி தீயாய்ப் பரவியதில் வியப்பில்லை. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் புறப்பட்டனர் என்றும், அவர்களில் முப்பது முதல் நாற்பதாயிரம் பேர் டாசனை அடைந்தனர் என்றும், தங்கம் கண்டவர்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேரே என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்கள் கிளம்பியபோதே நல்ல ஓடைகள் அனைத்தும் பிறர் கைக்குப் போயிருந்தன. இந்த வரலாற்றின் பெரும் சோகம் அதுதான்.

சார்லி சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தின் தொடக்கத்தில், வெண்பனிச் சரிவில் எறும்பு வரிசையாக மனிதர்கள் ஏறும் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்தப் பயணத்தின் ஒரு கணம் தெரிந்திருக்கும். சில்கூட் கணவாயின் பழைய புகைப்படங்களே அந்தப் படத்துக்குத் தூண்டுதலாயின. அலாஸ்காவின் டையா கடற்கரையிலிருந்து பென்னட் ஏரி வரையிலான 53 கிலோமீட்டர் மலைப்பாதையின் கடைசி ஏற்றத்தில், பனியில் வெட்டிய படிகளில், ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் போதுமான உணவில்லாதவரை எல்லைக்குள் விடக்கூடாது என்று கனடிய வடமேற்குக் குதிரைக் காவல்படை விதித்ததால், ஒவ்வொருவரும் கருவிகளோடு சேர்த்து ஒரு டன் அளவுச் சரக்கைக் கணவாய்க்கு மேலே கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. முதுகில் சுமந்தவர்கள் அதே ஏற்றத்தை இருபது முப்பது முறை ஏறினர். அருகிலிருந்த ஒயிட் பாஸ் பாதையில் சுமார் மூவாயிரம் பொதிகுதிரைகள் செத்து விழுந்தன. 1898 ஏப்ரல் 3ஆம் நாள் சில்கூட் பாதையில் பனிச்சரிவு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தப்பியவர்கள் பென்னட் ஏரிக்கரையில் மரம் அறுத்துப் படகு கட்டி, மே இறுதியில் பனி உடைந்ததும், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளில் ஆற்றோடு டாசனுக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்கள் கண்டது ஒரு வினோதமான செழிப்பு. பொன்துகளே நாணயமாகப் புழங்கியது; ஒவ்வொரு கடை மேசையிலும் சிறு தராசு இருந்தது; அவுன்ஸ் 16 டாலர் என்ற கணக்கில் ரொட்டிக்கும் ஆணிக்கும் பொன்னை நிறுத்துக் கொடுத்தனர். துணியும் சுடுநீர்ப் பைகளும் கொண்டுவந்து விற்றுத் தொடங்கிய பெலிண்டா முல்ரூனி என்ற இளம்பெண் 1898லேயே ஃபேர்வியூ என்ற மூன்று மாடி விடுதியைத் திறந்தார். மறுபுறம், சதுப்பில் கழிவும் குடிநீரும் கலந்ததால் அதே கோடையில் டைபாய்டு பரவியது. நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்திய ஜட்ஜ் என்ற சேசு சபைப் பாதிரியார் அடுத்த ஜனவரியில் தாமே இறந்தார். 1899 ஏப்ரலில் மூண்ட தீ நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைச் சாம்பலாக்கியது. நகரம் மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோதே, அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலில் தங்கம் கிடைத்த செய்தி வர, அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கானோர் படகேறிப் போயினர். இன்று தங்க வேட்டையின் அடையாளங்களாகக் காட்டப்படும் ஆணையர் மாளிகை, அஞ்சலகம், இப்போது அருங்காட்சியகமாக உள்ள பழைய ஆட்சி அலுவலகம் முதலிய கட்டடங்கள் எழுந்தது இதற்குப் பிறகு, 1900க்கும் 1901க்கும் இடையில்தான். தாமஸ் ஃபுல்லர் என்ற அரசுக் கட்டடக் கலைஞர் வரைந்த இந்தக் கட்டடங்கள், கூட்டம் கலைந்துகொண்டிருந்த நகரத்தில் கனடிய அரசு தன் நிலையான இருப்பை நாட்ட எடுத்த முயற்சியின் சின்னங்கள். வேட்டைக்காரர்களின் நகரத்தை அவற்றில் தேடினால் கிடைக்காது.

க்ளோண்டைக் ஆற்றுக்கு அக்கரையில், ஆறு யூக்கானோடு கூடும் முனையில் இருக்கும் ட்ரோச்செக் என்ற இடத்தை நகரத்துக்கு முன்பாகப் பார்ப்பதே முறை. ஹான் மொழி பேசும் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் சால்மன் மீன் பிடித்து உலர்த்திய துறை இது. ஆற்றின் படுகையில் மரக்கழிகளைக் கல்லால் அறைந்து நட்டு, மீன்களைத் தடுத்துப் பொறிக்குள் திருப்பும் வேலி அமைத்தனர். 1896க்கும் 1897க்கும் இடையில் அந்தத் துறையை வெளியார் ஆக்கிரமித்து க்ளோண்டைக் சிட்டி என்ற புறநகராக மாற்றினர். சாராயமும் நோயும் தம் மக்களை அழிப்பதைக் கண்ட தலைவர் ஐசக், திருச்சபையோடும் காவல்படையோடும் பேசி, 1897இல் யூக்கான் ஆற்றில் சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே உள்ள மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார். அதோடு, வந்து குவியும் கூட்டத்தின் நடுவே தம் மக்களின் பாடல்களும் ஆட்டங்களும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அவற்றையும் ஆட்டத்துக்குரிய கோலையும் அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் ஒப்படைத்து வைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1990களில், அந்தப் பாடல்கள் அங்கிருந்து கற்றுத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. தங்க வேட்டையின் எத்தனையோ தலைவர்களின் பெயர்கள் தெருக்களிலும் மலைகளிலும் பொறிக்கப்பட்டிருக்க, நெடுநோக்கில் இதற்கு ஈடான செயல் ஒன்றை அவர்களில் எவரும் செய்ததாகத் தெரியவில்லை.

தனி மனிதர்களின் உரிமைத் துண்டுகளைப் பெரும் நிறுவனங்கள் வாங்கித் தொகுத்தபின், சுரங்கத் தொழில் எந்திரமயமாயிற்று. நீர் கொண்டுவருவதற்காக மட்டும் 1906க்கும் 1909க்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டப்பட்டது. விறகுத் தீக்குப் பதிலாக முதலில் நீராவிக் குழாய்களையும் பின்னர் குளிர்ந்த நீரையும் நிலத்துக்குள் செலுத்தி உறைநிலத்தை இளக்கினர். ஓடும் நீர் சில்லென்றிருந்தாலும் உறைநிலையைவிட வெப்பமானது என்பதால் இம்முறை மலிவாகவும் போதுமானதாகவும் இருந்தது. இளகிய பள்ளத்தாக்குகளில், தாமே தோண்டிக்கொண்ட குட்டையில் மிதந்தபடி முன்னேறிய தூர்வாரும் கப்பல்கள் இயங்கின. அவற்றில் நான்காம் எண் கப்பல் பொனான்சா ஓடைக்கரையில் தேசிய வரலாற்றுச் சின்னமாக இன்றும் நிற்கிறது. 1912இல் கட்டப்பட்டு, 1941இல் இவ்வோடையில் திரும்பப் பொருத்தப்பட்டு, 1959 வரை இயங்கிய இது, மர உடல் கொண்ட இவ்வகைக் கப்பல்களில் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. எட்டு மாடி உயரம். தன் வாழ்நாளில் ஒன்பது டன் தங்கம் எடுத்தது. முன்புறத்துச் சங்கிலியில் கோத்த எஃகு வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பாறைவரை இறங்கிச் சரளையை அள்ளி மேலேற்ற, உள்ளே சுழலும் துளையிட்ட பேருருளையில் நீர் பீய்ச்சி அலசி, நுண்மணலைத் தேங்காய்நார் விரித்த தளங்களில் ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்துக்கொண்டு, கற்களைப் பின்புறத்து நீள்கரத்தின் வழியே கொட்டினர். சாலையோரத்தில் காணும் வளைந்த கல்மேடுகள் அந்தக் கரம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே கொட்டியதால் உருவானவை. சில கைகளே இரவும் பகலும் முறைவைத்து இயக்கிய இந்த எந்திரத்தின் முன் நிற்கும்போது, முப்பதாயிரம் பேர் தேவைப்பட்ட நகரம் ஏன் காலியாயிற்று என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கப்பல்களின் காலமும் 1966இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1942இல் போடப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை டாசனை ஒதுக்கிவிட்டு ஒயிட்ஹார்ஸ் வழியே போனதும், 1953இல் தலைநகரமும் அங்கே மாறியதும் நகரத்தை ஏறக்குறைய ஆளற்றதாக்கின. பழமை தப்பியது இந்த வறுமையினாலேயே. இடித்துவிட்டுப் புதிது கட்ட எவரிடமும் பணம் இருக்கவில்லை. 1958இல் வெளிவந்த பியர் பெர்ட்டனின் ‘க்ளோண்டைக்’ நூல் கனடியரின் கவனத்தை இங்கே திருப்பியது. சிறுவயதை டாசனில் கழித்தவர் அவர். 1962இல் ஒன்றிய அரசு பெருவிழா ஒன்றை நடத்தி, ‘ஃபாக்ஸி’ என்ற பிராட்வே இசைநாடகத்தையே இங்கு வரவழைத்தது. அதற்கு அரங்கு வேண்டுமென்று, 1899இல் அரிசோனா சார்லி மெடோஸ் கட்டிய பேலஸ் கிராண்ட் அரங்கத்தைச் சீர்செய்ய முற்பட்டு, அது முடியாதெனக் கண்டு, அடியோடு பிரித்துப் பழைய வடிவில் புதிதாகக் கட்டினர். விழா நட்டத்தில் முடிந்தாலும் நகரத்தின் புதிய பிழைப்பு அங்கேதான் தொடங்கியது. பின்னர் வந்த நகர விதிகள், புதிதாக எழும் கட்டடங்களும் தங்க வேட்டைக் காலத் தோற்றத்தோடு அமைய வேண்டும் என்று வகுத்தன. இதனால் இன்று தெருவில் நடப்பவருக்கு 1901ஆம் ஆண்டுக் கட்டடமும் சென்ற தலைமுறையில் கட்டிய விடுதியும் ஒரே வயதுடையவைபோலத் தோன்றுகின்றன. பராமரிப்புக்கும் தொழிலுக்கும் இது பயன்பட்டது உண்மையே. ஆனால் எது எச்சம், எது சாயல் என்பதைக் காட்டும் கோட்டை அது மங்கலாக்கிவிட்டதையும் மறுக்க முடியாது. ஆற்றங்கரையில் 1998இல் திறக்கப்பட்ட டானோஜா ஜோ பண்பாட்டு மையம் மட்டும், மீன் உலர்த்தும் பந்தல்களையும் குளிர்கால இல்லங்களையும் நினைவூட்டும் வடிவில், அந்த முகப்புவரிசைக்கு உடன்படாமல் நிற்கிறது.

போலச் செய்யாத சாட்சி உறைநிலமே. 1978இல் ஒரு கட்டுமானத்துக்காகச் சூதாட்டக் கூடத்தின் பின்புற நிலத்தைத் தோண்டியபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மௌனப்படச் சுருள்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. படங்களைத் திரையிடும் சங்கிலியின் கடைசி ஊர் டாசன். ஊர் ஊராகச் சுற்றி ஆண்டுகள் கழித்து இங்கு வந்த படங்களைத் திருப்பி வாங்கும் செலவை விநியோகஸ்தர்கள் ஏற்கவில்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களாகையால் அவற்றைச் சேர்த்து வைப்பதும் ஆபத்து. ஆகவே 1929இல், பனிச்சறுக்கு ஆட்டக் களத்தின் அடியிலிருந்த பழைய நீச்சல் குளத்தை மேடாக்க அந்தச் சுருள்களையே நிரப்பி மூடிவிட்டனர். வேறெங்கும் அழிந்துபோன பல படங்களின் பகுதிகள், உறைந்த மண்ணின் குளிரில் அரை நூற்றாண்டு கிடந்து, ஓரங்களில் ஈரம் அரித்த கறைகளோடு மீண்டன. அவற்றைக் கொண்டு பில் மோரிசன் 2016இல் உருவாக்கிய ‘டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்’ என்ற ஆவணப்படம் இந்நகரத்தைப் பற்றி வந்தவற்றில் மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னும் ஆழத்தில் இருப்பவை இன்னும் பழையவை. டாசனுக்குத் தெற்கேயுள்ள யூரேகா ஓடையில் 2022 ஜூன் 21 அன்று, தங்கத்துக்காகக் கருஞ்சேற்றை அகற்றிக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளர்கள், தோலும் முடியும் துதிக்கையும் அப்படியே இருக்கும் மாமூத் குட்டி ஒன்றைக் கண்டனர். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது; வட அமெரிக்காவில் கிடைத்தவற்றில் இவ்வளவு முழுமையானது வேறில்லை. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மூத்தோர் அதற்கு நுன் சோ கா என்று பெயரிட்டு, சடங்கு செய்து வரவேற்றனர். தங்கத்தைக் காத்த அதே பனியில்லாக் குளிர்வெளிதான் அந்த விலங்கின் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது.

இந்த நிலம் இப்போது இளகி வருகிறது. சூடேற்றிய கட்டடம் ஒன்றை உறைநிலத்தின் மேல் நேரடியாக வைத்தால், அதன் வெப்பமே அடிமண்ணை உருக்கிக் கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்பதை டாசன் மக்கள் தொடக்கத்திலிருந்தே அறிவர். பயணிகள் விரும்பிப் படமெடுக்கும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் மரக் கடைகள் அந்தப் பாடத்தின் விளைவே. ஆகையால் வீடுகளைச் சரளைத் தளத்தின் மேல் மரக்கட்டை அடுக்குகளில் உயர்த்தி, அடியில் குளிர்காற்று புகவிட்டு, தரை சாயும்போதெல்லாம் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சமன்செய்கின்றனர். குடிநீர்க் குழாய்கள் உறையாமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் நீரைச் சிறிது சிறிதாக ஓடவிடுகின்றனர். வடபகுதியின் வெப்பம் உலகச் சராசரியைவிட விரைந்து உயரும் இக்காலத்தில், கட்டடத்தின் சூடு மட்டுமல்லாமல் வானிலையும் அடித்தளத்தைக் கரைக்கத் தொடங்கியிருப்பதால், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் வேலை முகப்புக்கு வண்ணம் பூசுவதிலிருந்து மண்ணின் வெப்பநிலையை அளப்பதற்கு நகர்ந்திருக்கிறது.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2023 செப்டம்பரில் ‘ட்ரொண்டெக்–க்ளோண்டைக்’ சேர்ந்த விதம், இந்த நகரத்தை வாசிக்கும் முறையே மாறியதைக் காட்டுகிறது. சுரங்க நிலப்பரப்பையும் உள்ளடக்கிய முதல் விண்ணப்பம் 2018இல் திரும்பப் பெறப்பட்டது. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் தலைமையில் எழுதப்பட்ட இரண்டாம் விண்ணப்பம், 1874இல் ரிலையன்ஸ் கோட்டை என்ற வணிகச் சாவடி நிறுவப்பட்டதிலிருந்து 1908 வரையிலான காலத்தில், குடியேற்ற ஆதிக்கத்தைப் பழங்குடி மக்கள் எதிர்கொண்டு தம்மைத் தகவமைத்துக்கொண்ட வரலாற்றையே மையப்பொருளாக்கியது. பட்டியலில் உள்ள எட்டு இடங்களில் டாசன் ஒன்று மட்டுமே. ட்ரோச்செக்கும் மூஸ்ஹைட்டும் அதற்குச் சமமான தகுதியோடு நிற்கின்றன. 1998இல் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் கையெழுத்திட்ட தன்னாட்சி உடன்பாடு இல்லாமல் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்காது. ஆனால் அந்த மக்களின் வாழ்வுக்கு அடிப்படையான சால்மன் மிகக் குறைந்துவிட்டதால், யூக்கான் ஆற்றுச் சினூக் சால்மனைப் பிடிப்பதை ஏழாண்டுகளுக்கு நிறுத்திவைக்கக் கனடாவும் அலாஸ்காவும் 2024 ஏப்ரலில் உடன்பட்டன. ட்ரோச்செக் மீன்பிடி துறை சட்டப்படி அவர்களுடையதாக மீண்டுவிட்ட காலத்தில் மீன் இல்லை.

டாசனுக்குச் செல்லத் திட்டமிடுவோர் பொதுவாக ஆகஸ்டில் கண்டுபிடிப்பு நாள் கொண்டாட்டத்தைக் குறிவைக்கின்றனர். 1993 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை கோடையில் மூஸ்ஹைட்டில் நடக்கும் கூடுகைக்கு ஏற்பப் பயணத்தை அமைத்துக்கொள்வது அதைவிடப் பொருத்தமானது. அலாஸ்காவிலிருந்து திரும்பி வந்த பாடல்கள் அங்கே பாடப்படுகின்றன. வெளியாரும் விருந்தினராக அனுமதிக்கப்படுகின்றனர். டாசன் படித்துறையிலிருந்து ஆற்றுவழியாகப் படகில் அங்கே போகலாம்.